நாணயத்தின் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் இருபொருள்பட வழங்கி வருகிறது. கையில் புழங்கும் காசும் நாணயம். மனிதரிடம் எதிர்பார்க்கப்படும் நேர்மையும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் நம்முடன் பணிபுரியும் வங்காள நண்பர்களுக்கு இச்சொல்லின் அழகை விளக்க முயன்று நாம் பலமுறை பாதியிலேயே நின்றிருக்கிறோம். காசும் நேர்மையும் ஒரு சொல்லுக்குள் குடியேறிய வரலாற்றை மொழிநூல் வல்லார் சொல்லட்டும். சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவின்போது ஒரு பெரியவர் நம் உள்ளங்கையில் வைத்த சிறு காசு அவ்விரண்டையும் ஒருசேர எடைபோடும்படி நம்மைக் கட்டாயப்படுத்தியது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

கலை நிகழ்ச்சிகள் முடிந்து பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த வேளை. எண்பதை நெருங்கும் அப்பெரியவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்று, சட்டைப் பையிலிருந்து பழைய மூக்குப்பொடி டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் ஒரு காசு. சாம்பல் நிறம், விளிம்பில் பழுப்பாகத் துருப்பொடி. ஒரு பக்கம் தாடி வைத்த ஒரு மனிதரின் பக்கவாட்டு முகம். அதன் கீழே 1943 என்னும் ஆண்டு. மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர்கள்.

"தம்பி, உங்களுக்குக் காசு விவரம் தெரியும் என்று சொன்னார்கள். இது எத்தனை கோடி பெறும்?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. "சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம், ஐயா" என்றோம். அன்றைய சாப்பாடு நமக்கு இறங்கவில்லை. அக்காசு எதுவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதுதான் காரணம்.

அது அமெரிக்க நாட்டின் ஒரு சென்ட் காசு. முகம் ஆபிரகாம் லிங்கனுடையது. விக்டர் டேவிட் பிரென்னர் என்னும் சிற்பி 1909ஆம் ஆண்டு வடித்துக் கொடுத்த உருவம். அந்தக் காசு எப்போதும் செம்பு நிறமாகவே இருந்து வந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் செம்புக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. தோட்டாவின் உறைக்குச் செம்பு வேண்டும். தொலைபேசிக் கம்பிக்கும் கப்பலின் குழாய்க்கும் செம்பு வேண்டும். மக்கள் சட்டைப் பையில் செம்பை வைத்துக்கொண்டு குலுக்குவது அரசுக்குப் பொறுக்கவில்லை. செம்புக்கு மாற்றாக எதைக் கொண்டு காசு அடிக்கலாம் என்று 1942இல் ஆராய்ந்தார்கள். பிளாஸ்டிக்கில் அடித்துப் பார்த்தார்கள். கண்ணாடியில்கூட அடித்துப் பார்த்தார்கள். இறுதியில், துத்தநாகம் பூசிய எஃகு என்று முடிவாயிற்று. 1942 டிசம்பர் 18ஆம் நாள் அதற்கான சட்டம் பிறந்தது. 1943ஆம் ஆண்டு முழுவதும் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச் சாலைகளும் எஃகுக் காசே அடித்தன.

அடித்த தொகை சிறியதன்று. பிலடெல்பியாவில் 68 கோடியே 46 லட்சம். டென்வரில் 21 கோடியே 76 லட்சம். சான் பிரான்சிஸ்கோவில் 19 கோடியே 15 லட்சம். ஆக, 109 கோடிக்கும் மேல்! இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பெரியவரின் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

புதுக் காசு மக்களின் அன்பைப் பெறவில்லை. பளபளவென்று வெளிவந்தபோது அதைப் பத்து சென்ட் வெள்ளிக் காசு என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். பழைய செம்புக் காசு 3.11 கிராம் இருந்தது, இது 2.7 கிராம்தான். தானியங்கி விற்பனைப் பெட்டிகள் போலி இரும்பு வில்லைகளைப் பிடிக்கக் காந்தம் வைத்திருந்தன. அரசாங்கத்தின் உண்மைக் காசையே அவை போலி என்று பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை துரு. எஃகுத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய பிறகே வட்ட வில்லைகளை வெட்டினார்கள். ஆகவே இரு முகங்களுக்கும் பூச்சு இருந்தது. வெட்டுப்பட்ட விளிம்புக்குப் பூச்சு இல்லை. கை வியர்வை பட்டதும் விளிம்பிலிருந்து துரு ஏறியது. பெரியவரின் டப்பாவில் நாம் கண்ட பழுப்புப் பொடி எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சிக்கனத்தின் விளைவே.

ஓராண்டுடன் அச்சோதனை முடிந்தது. 1944இல் சென்ட் காசு செம்பு நிறத்துக்குத் திரும்பியது. சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளை உருக்கிய உலோகமும் அதில் கலந்தது என்பர். செம்பு போர்க்களம் சென்று வேலையை முடித்துவிட்டு மறுபடியும் காசாகத் திரும்பி வந்ததைப் படித்தபோது, விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் ஊழியரின் நினைவு நமக்கு வந்தது. எஃகுக் காசுகளை அரசு பின்னர் ஓசைப்படாமல் திரும்பப் பெற்று அழிக்கத் தொடங்கியது. ஆயினும் மக்கள் வீடுகளிலும் உண்டியல்களிலும் கோடிக்கணக்கில் அவை தங்கிவிட்டன. இன்றும் அந்நாட்டில் சட்டப்படி அவை செல்லும் காசுகளே.

இனி விலைக்கு வருவோம். கையில் புழங்கித் தேய்ந்த எஃகுக் காசுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை, நம் தெருமுனைக் கடையில் இருவர் தேநீர் அருந்தும் தொகையைத் தாண்டாது. கைபடாமல் பளபளப்புக் குன்றாமல் இருந்தால் சில டாலர் கிடைக்கலாம். பழைய காசுக்கு மறுபடியும் துத்தநாகம் பூசிப் புதிது போலாக்கி, மூன்று சாலைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்து அழகிய அட்டையில் செருகி விற்போரும் உண்டு. அறிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை.

அப்படியானால் '1943ஆம் ஆண்டுக் காசுக்குக் கோடி ரூபாய்' என்னும் பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யன்று. 1942இல் எஞ்சிய செம்பு வில்லைகள் சில, பெட்டியின் மூலையிலோ பொறியின் இடுக்கிலோ சிக்கிக் கிடந்து, 1943ஆம் ஆண்டு அச்சில் விழுந்துவிட்டன. எஃகில் இருக்க வேண்டிய ஆண்டு செம்பில் பதிந்தது. அத்தகைய செம்புக் காசுகள் மூன்று சாலைகளையும் சேர்த்துச் சில பத்துகளைத் தாண்டா. டென்வர்ச் சாலையின் அடையாளத்துடன் ஒன்றே ஒன்றுதான் கண்டறியப்பட்டிருக்கிறது. அது 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இதற்கு நேர்மாறாக, 1944இல் செம்புக்கு மாறிய பிறகும் சில எஃகு வில்லைகள் அச்சில் விழுந்து அவையும் அரும்பொருளாயின. இடையே ஒரு செய்தி: எஞ்சிய எஃகு வில்லைகளைக் கொண்டு, ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட பெல்ஜியம் நாட்டுக்கு 1944இல் இரண்டு பிராங்குக் காசுகளைப் பிலடெல்பியாவிலேயே அடித்துக் கொடுத்தார்கள். ஒரு நாட்டில் ஒருவரும் விரும்பாத வில்லை மற்றொரு நாட்டின் விடுதலைக் காசாயிற்று.

செம்புக் காசைப் பற்றிய வதந்தி போர்க்காலத்தின் முடிவிலேயே பரவத் தொடங்கிவிட்டது. 1943ஆம் ஆண்டுச் செம்புக் காசு கொண்டு வருவோருக்கு ஹென்றி ஃபோர்டு ஒரு மோட்டார் வண்டி தருவார் என்றார்கள், அது கட்டுக்கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் 16 வயது மாணவர் ஒருவருக்கு, 1947இல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கொடுத்த சில்லறையில் அக்காசு கிடைத்தது. அவர் ஃபோர்டு நிறுவனத்தைக் கேட்டார். வண்டி இல்லை என்றார்கள். அரசுக் கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டார். 1943ஆம் ஆண்டுக் காசுகள் அனைத்தும் துத்தநாகம் பூசிய எஃகே என்று பதில் வந்தது. கையில் செம்பு இருக்கிறது. காகிதத்தில் எஃகு என்று இருக்கிறது. அரசு ஊழியராகிய நாம் இந்தப் பதிலை எழுதிய எழுத்தரை நன்கு அறிவோம்! அவர் நம் இனத்தவர். கோப்பில் இல்லாதது உலகில் இல்லை. அம்மாணவர் வாதாடவில்லை, காசை வைத்துக்கொண்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது அவரிடமே இருந்தது. 2018இல் அவர் மறைந்தார். 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. அத்தொகை அவ்வூர்ப் பொது நூலகத்துக்குச் சேர்ந்தது.

இந்த வரலாற்றைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடவில்லை. 109 கோடிக் காசுகள், தமக்கு இட்ட பணியை ஓராண்டு செவ்வனே செய்தன. செம்பைப் போருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் நின்று, துருப்பிடித்து, திட்டு வாங்கி, கடைசியில் உருக்கப்பட்டன. அவற்றின் விலை இரண்டு கோப்பைத் தேநீர். பணியைச் செய்யத் தவறிய, எவரோ கவனிக்காமல் விட்ட சில பத்துக் காசுகளுக்கு ஆயிரம் ஆயிரமாய் டாலர். கடமை தவறாததற்குக் கூலியில்லை. தவறிப் பிறந்ததற்கு மாலை! நம் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஆண்டைத் தவறாக எழுதினால் மெமோ வரும். நாணயச் சாலையில் அதே பிழை நேர்ந்தால் ஏலக்கூடத்தில் இடம் கிடைக்கும்.

பி.ஏ. வகுப்பில் ஆடம் ஸ்மித்தின் தண்ணீரும் வைரமும் பற்றிய புதிரைப் படித்திருக்கிறோம். தண்ணீரைவிடப் பயனுள்ள பொருள் இல்லை; அதைக் கொடுத்தால் மாற்றாக ஒன்றும் கிடைக்காது. வைரத்தால் பயன் ஏதுமில்லை. அதற்கு ஈடாக எதையும் வாங்கலாம். 1776இல் எழுப்பப்பட்ட இப்புதிருக்குப் பின்வந்த பொருளியலார் அருமைப்பாட்டைக் கொண்டு விடை கண்டனர். தேர்வில் நாமும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால் அவ்விடை விலையை விளக்குகிறதே அன்றி மதிப்பை விளக்குவதாக நமக்குத் தோன்றவில்லை. 'எத்தனை எஞ்சியிருக்கிறது?' என்று மட்டுமே சேகரிப்பாளர் கேட்கிறார். 'அது என்ன செய்தது?' என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதும் இல்லை. அது அவர் தொழிலன்று. அவர்மீது நமக்குக் குறையில்லை. அவருடைய அளவுகோலை நாம் எடுத்து வந்து எல்லாவற்றையும் அளக்கத் தொடங்குவதே குறை. அருமையானது எதுவோ அதுவே உயர்ந்தது என்று குழந்தைகளுக்கும் சொல்லி வைக்கிறோம். நாள்தோறும் 5 மணிக்கு எழுந்து நீர் பிடித்து, சமைத்து, அலுவலகம் அனுப்பி வைத்த தாய்மார்கள் இவ்வூரில் நம் குடும்பங்கள் தோறும் இருக்கிறார்கள். அவர்கள் 109 கோடியில் ஒருவர்.

எஃகுக் காசின் ஆண்டாகிய 1943ஐ இந்தியாவில், அதுவும் நாம் வாழும் இக்கல்கத்தாவில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே போர் இங்கும் காசின்மேல் கை வைத்தது. 1940இல் ரூபாயின் வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஒரு ரூபாய்த் தாளும் வெளிவந்தது. சில்லறையைப் பதுக்கி வைப்பது குற்றம் என்று ஆணை பிறந்தது. 1943இல் காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை போட்டார்கள். நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கும் 'ஓட்டைக் காலணா' அதுதான். பழைய காலணாவின் எடையில் பாதிக்கும் குறைந்த செம்பே அதற்குத் தேவைப்பட்டது. அமெரிக்கர் உலோகத்தை மாற்றினார்கள். இங்கே ஆண்டவர்கள் காசின் வயிற்றையே எடுத்துவிட்டார்கள். நம் பாட்டி அவற்றில் ஒரு டஜனைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்ததைச் சிறு வயதில் கண்டிருக்கிறோம். ஏன் என்று கேட்டால் 'கிடக்கட்டும்' என்பார்.

அதே 1943இல் இந்நகரின் அரிசி விலையைப் பாருங்கள். 1942 டிசம்பரில் ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ அரிசி, 13 அல்லது 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21 ரூபாய். மே மாதத்தில் 30ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37. ரூபாயின் முகத்தில் எழுதியிருந்த எண் மாறவில்லை. அதைக் கொடுத்தால் கிடைக்கும் சோறு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கிராமங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக இந்நகரத் தெருக்களுக்கு வந்து, கஞ்சி வடித்த நீர் கேட்டு வாசல்தோறும் நின்று மடிந்தார்கள். பஞ்சத்தில் இறந்தோர் 15 லட்சம் என்று அரசு விசாரணைக் குழு 1945இல் கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். இவ்வூரில் மூன்று தலைமுறை கண்ட நம் தமிழ்க் குடும்பங்களில் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும் முதியோர் இன்று மிகச் சிலரே. 1943 என்று பொறித்த காசை எடுத்துக்கொண்டு 'என்ன பெறும்?' என்று கேட்கிறோம். அந்த ஆண்டு இந்நகரில் காசு எதைப் பெற்றது, எதைப் பெறவில்லை என்று கேட்பதற்கு நமக்குத் தோன்றுவதில்லை.

பெரியவரின் காசும் இவ்வூர் வழியாகவே வந்தது. அவருடைய தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்து, துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தவர். இன்று நேதாஜி சுபாஷ் துறை எனப்படும் கிங் ஜார்ஜ் துறையில் 1944இல் அமெரிக்கப் படையினர் வந்து சரக்கிறக்கும் பணியை ஏற்றார்கள். அவர்களுள் ஒருவர், எண்ணிக்கையில் நேர்ந்த ஒரு தவற்றைத் தந்தையார் சுட்டிக்காட்டியதற்காக, நன்றியாகவோ வேடிக்கையாகவோ இக்காசைக் கொடுத்தாராம். அந்நாளைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ அரை அணா. இங்கே அது செல்லாக்காசு. எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. செல்லாததனால்தான் அது செலவாகாமல் தப்பியது.

இனி நாம் சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, காளிகாட் பக்கத்து நடைபாதையில் ஒரு மூதாட்டி பழைய பூட்டுகள், பித்தளைக் கரண்டிகள், சாவிகள் ஆகியவற்றைச் சாக்கின்மேல் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவற்றினிடையே கறுத்துப்போன ஒரு ரூபாய்க் காசு. விக்டோரியா காலத்தது, நல்ல வெள்ளி. விலை கேட்டோம். 60 ரூபாய் என்றார். அதிலுள்ள வெள்ளி மட்டுமே பத்து மடங்குக்கு மேல் பெறும். நாம் 50க்குக் கேட்டோம்! அவர் சற்று யோசித்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நம் திறமையை நாமே மெச்சிக்கொண்டோம். பிறகு ஒரு மாத காலம் நாம் வேறு தெரு வழியாக அலுவலகம் சென்றோம். அக்காசு இன்றும் நம் மேசை அறையில் இருக்கிறது, மகனுக்குக் காட்டியதில்லை.

நாம் திருடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் சொன்ன விலையையும்விடக் குறைத்துக் கேட்டது வாணிக வழக்கம். சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. அறிவை முயன்று தேடியவன் அதன் பயனை ஏன் பெறக்கூடாது என்று வாதிடலாம். நாணயச் சேகரிப்பாளர்கள் பலர் அவ்வாறே வாதிடுகிறார்கள். ஆயிரம் கடைகளில் தேடி ஒன்றைக் கண்டெடுப்பவன் தேடலுக்குக் கூலி பெறட்டும். அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர் வயிற்றுக்காக விற்கிறார், என்ன விற்கிறோம் என்பதும் அறியாதிருக்கிறார் என்றால், நம் மௌனம் அறிவின் கூலி ஆகாது. நடுவுநிலைமையைப் பேசிய வள்ளுவர் அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளை வாணிகம் செய்வோருக்கென்றே வைத்தார். அதைப் பள்ளியில் ஒப்பித்துப் பரிசும் வாங்கியவர் நாம். பரிசு ஓர் எவர்சில்வர் தம்ளர். அதில் இன்றும் காபி குடிக்கிறோம்.

இப்படிப்பட்ட நம்மிடம்தான் பெரியவர் வந்து சேர்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தின் பின்கட்டில் அமர்ந்தோம். அவர் மேலும் சொன்னார். கைப்பேசியில் ஒரு காணொலி. '1943ஆம் ஆண்டு அமெரிக்கக் காசு உங்களிடம் இருக்கிறதா? கோடீசுவரர் ஆகலாம்.' அதில் கண்ட எண்ணுக்குப் பேசினார். காசின் படத்தைக் கேட்டார்கள், அனுப்பினார். மறுநாள் வாழ்த்துச் சொன்னார்கள். பதிவுக் கட்டணம் என்று முதலில் ஒரு தொகை. வரி என்று இரண்டாம் தொகை. ரிசர்வ் வங்கி அனுமதி என்று மூன்றாம் தொகை. மூன்றும் சேர்ந்து 18,500 ரூபாய். நான்காம் தொகையை வரும் திங்களன்று கட்ட வேண்டும். பேத்திக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. காசு விற்றதும் சொல்லி வியக்க வைக்க எண்ணியிருந்தார்.

பழைய காசுகளையும் தாள்களையும் வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரால் கட்டணம் பறிக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே பொதுமக்களை எச்சரித்திருந்தது. அத்தகைய வேலையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எவரிடமும் எக்கட்டணமும் கேட்பதில்லை என்று அது தெளிவாகவே கூறியது. எச்சரிக்கை எப்போதும் படிப்பவர்களுக்கே போய்ச் சேருகிறது.

உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று நாம் தயங்கியதை மறைக்கப் போவதில்லை. முதுமையில் ஒருவர் சட்டைப் பையில் வைத்துக் காத்த நம்பிக்கையை உடைக்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. ஆனால் திங்கட்கிழமை அருகில் இருந்தது. இன்னொரு நினைவும் குறுக்கே வந்தது. அன்று மூதாட்டியிடம் சொல்லாமல் மறைத்த உண்மை, சொல்லியிருந்தால் நமக்கு நட்டம். இன்று சொல்ல வேண்டிய உண்மையால் நட்டம் அவருக்கு. பிறர் நட்டப்படும் உண்மையைச் சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? எனினும் சொல்லாதிருந்தால் இரண்டு முறை மௌனம் காத்தவராவோம்.

பையில் சாவிக்கொத்து இருந்தது; அதில் மகன் மாட்டிவிட்ட சிறு காந்தப் பொம்மை ஒன்றும் இருந்தது. காசின் அருகே கொண்டு சென்றோம். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "ஐயா, கோடி பெறுவது செம்புக் காசு. அது காந்தத்தில் ஒட்டாது. இது எஃகு, இதைப் போல் 109 கோடி அடித்தார்கள்" என்றோம். மேலே சொன்ன வரலாறு முழுவதையும் ஒன்றும் விடாமல் சொன்னோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். செம்பு கிடைக்காததனால் இரும்பில் அடித்தார்கள் என்ற இடத்தில் மட்டும், "அப்போ இதுவும் யாருக்கோ பதிலாள்தான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் 36 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் பணியாற்றியவர்; அவற்றில் எட்டு ஆண்டுகள், நிரப்பப்படாத மேல் பதவியின் வேலையைப் பொறுப்பாகப் பார்த்து, அதன் சம்பளம் இன்றி ஓய்வு பெற்றவர். அதை நாம் பின்னர்தான் அறிந்தோம்.

"அவர்கள் பணத்தைத் திருப்பித் தருவார்களா, தம்பி?" என்று கேட்டார். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்றோம். அங்கேயே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்தோம். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் மனு எழுத உட்கார்ந்தோம். மனு எழுதுவது நமக்குத் தெரிந்த ஒரே கலை. நாள், நேரம், தொகை, பரிமாற்ற எண் எல்லாவற்றையும் அவர் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். குரல் நடுங்கவில்லை. இரண்டாம் தொகையின் நாளை நாம் தவறாக எழுதியபோது, "பதினாறு இல்லை, பதினேழு" என்று திருத்தினார். தந்தையாரும் துறைமுகத்தில் இப்படித்தான் திருத்தியிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம்.

நாள் தவறிய முதல் படியை ஒதுக்கிவிட்டு வேறு தாளில் தொடங்கினோம். 'சம்பந்தப்பட்ட பொருளும் அதன் மதிப்பும்' என்று ஒரு வரி எழுதி, மதிப்பை என்னவென்று போடலாம் என்று கேட்டோம்.

"பொருள், இரும்புக் காசு ஒன்று என்று போடுங்கள். மதிப்பு வேண்டாம்" என்றார்.

அதன்படியே எழுதினோம். கையொப்பமிட்டுவிட்டு டப்பாவைத் திறந்து விளிம்பைப் பார்த்தார். துரு மேலும் ஏறாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவலாமா என்று கேட்டார். எண்ணெய் வேண்டாம், ஈரம் படாமல் உலர்ந்த காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும் என்றோம். அவர் நாள் தவறிய முதல் படியை எடுத்து, எழுத்தில்லாத பகுதியை அளவாகக் கிழித்து, காசை அதில் சுற்றிக்கொண்டார்.